பிடிபட்டவரும் கட்டுண்டவரும்: பாத்திரமேற்பு ஆட்ட விதிகளில் ஒத்த பாதிப்பு நிலைகள்

1. கேள்வி

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு ஆட்டங்களில் ஒரு பாத்திரத்துக்கு நேரும் தீங்கு இரு வகைப்படும். முதலாவது எண்ணில் அளக்கப்படும் காயம். உயிர்ப்புள்ளி குறையும், பூச்சியத்தைத் தொடும்வரை பாத்திரம் முன்போலவே ஓடும், வெட்டும், பேசும். இரண்டாவது பாதிப்பு நிலை. பயந்திருத்தல், விழுந்து கிடத்தல், முடங்கிப்போதல், நஞ்சேறியிருத்தல் முதலிய நிலைகள் நீடிக்கும்வரை பாத்திரத்துக்குச் சில செயல்கள் மறுக்கப்படுகின்றன. எதிரிக்குச் சில வசதிகள் கிடைக்கின்றன.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலமான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்தது. அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் 15 பாதிப்பு நிலைகளைத் தனிப் பட்டியலாக வரையறுத்தது. 2024இல் வந்த திருத்தமும் அந்த எண்ணிக்கையை மாற்றவில்லை. ஆனால் பல நிலைகளின் உள்ளடக்கத்தை மாற்றியது. பட்டியலைப் புதிதாகப் படிப்பவருக்கு உடனே ஒரு குழப்பம் எழும். பிடிபட்டவராலும் நகர முடியாது, கட்டுண்டவராலும் நகர முடியாது. திகைத்தவரும் செயலிழக்கிறார், முடங்கியவரும் செயலிழக்கிறார். பயந்தவர் உருட்டும் பகடையும் நஞ்சேறியவர் உருட்டும் பகடையும் ஒரே விதமாகக் கெடுகின்றன. பிறகு எதற்காக இத்தனை பெயர்கள்?

இக்கட்டுரை அந்தக் கேள்வியை ஆராய்கிறது. ஒத்த இரண்டு நிலைகளைப் பிரித்தறிய அவை ஏற்படுத்தும் விளைவுகளை ஒப்பிட்டால் மட்டும் போதாது. அந்நிலை எதனோடு பிணைந்திருக்கிறது, எப்படி முடிகிறது என்பவற்றைப் பார்த்தால்தான் வேறுபாடு துலங்கும் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. நிலவும் விளக்கங்கள்

ஆடுவோரிடையே பரவலாக இருப்பது படிக்கட்டு விளக்கம். இதன்படி நிலைகள் கடுமையின் வரிசையில் அமைந்தவை: பிடிபடுதலின் அடுத்த படி கட்டுண்ணல், திகைப்பின் அடுத்த படி முடக்கம், முடக்கத்துக்கும் மேலே கல்லாதல். இந்த விளக்கத்துக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில் பயம் உண்மையிலேயே படிக்கட்டாக இருந்தது. நடுக்கம் கொண்டவருக்கு உருட்டல்களில் 2 குறையும். அச்சம் கொண்டவர் அதோடு ஓடவும் வேண்டும். பீதி கொண்டவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். நடுக்கத்தின் மேல் நடுக்கம் விழுந்தால் அது அச்சமாக ஏறும்.

ஐந்தாம் பதிப்புக்கு இந்தப் படிக்கட்டு பொருந்துவதில்லை. கல்லான நிலையை எடுத்துக்கொள்வோம். 2014 விதிப்படி கல்லானவரால் அசையவோ பேசவோ முடியாது. சுற்றுப்புற உணர்வும் இல்லை. ஆனால் அவர்மீது விழும் எல்லா அடியும் பாதியாகும். புதிய நஞ்சு ஏறாது. ஏற்கெனவே ஏறிய நஞ்சும் அப்படியே உறைந்து நிற்கும். முடங்கியவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. 5 அடிக்குள் நின்று அவரைத் தாக்கும் ஒவ்வொரு வெற்றியும் உச்ச அடியாகி, காயத்தைக் கணக்கிடும் பகடைகள் இரட்டிக்கும். எனவே அடுத்த சில கணங்களுக்குக் கல்லாக இருப்பதே பாதுகாப்பு. கல்லாதல் கொடியது என்று தோன்றுவதற்குக் காரணம் அதன் விளைவு அன்று. அதிலிருந்து மீள்வது அரிது என்பதே. மனிதரை முடக்கும் மந்திரம் அதிகபட்சம் ஒரு நிமிடம்தான் நீடிக்கும், ஒவ்வொரு முறையின் முடிவிலும் தப்பிக்க ஒரு பகடை கிடைக்கும். கல்லானவரோ பெரும்பாலும் இன்னொருவரின் உயர்ந்த மந்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது விளக்கம் நிலைகளைக் கதைச் சித்திரிப்பாகக் காண்பது. நஞ்சு வேறு, பயம் வேறு என்பது யாருக்கும் தெரியும். ஆகவே பெயர்களும் வேறு என்பது இதன் சாரம். உண்மைதான். ஆனால் விதி தனியாகத் தேவைப்படுவது ஏன் என்பதை இது விளக்கவில்லை.

மூன்றாவது விளக்கம் இவை மிகை என்பது. இதைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ஐந்தாம் பதிப்பில் பெரும்பாலான நிலைகள் 'சாதகம்', 'பாதகம்' என்ற இரண்டு கருவிகளாலேயே இயங்குகின்றன. சாதகம் உள்ளவர் 20 முகப் பகடையை இருமுறை உருட்டிக் கூடியதை எடுப்பார். பாதகம் உள்ளவர் குறைந்ததை எடுப்பார். எத்தனை காரணங்கள் குவிந்தாலும் பாதகம் ஒன்றுதான். கட்டுண்டவருக்கு நஞ்சும் ஏறினால் அவருடைய தாக்குதல் அதனால் மேலும் மோசமாவதில்லை. அப்படியானால் இரண்டாவது நிலை வீண் அல்லவா? அல்ல. ஒரே கதவில் இரண்டு பூட்டுப் போட்டால் கதவு கூடுதலாக மூடிவிடுவதில்லை. ஆனால் ஒன்றைத் திறந்தவர் இன்னும் வெளியே வந்துவிடவில்லை. கட்டை அறுத்துக்கொண்டவருக்கு நஞ்சு மிச்சமிருக்கும். மிகை விளக்கம் ஒரு கணத்தின் விளைவை மட்டும் பார்க்கிறது. ஆட்டமோ கணங்களின் தொடர்ச்சி.

3. பாம்பும் வலையும்

விதிகளைச் சோதித்துப் பார்க்க ஒரு களம் வேண்டும். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதை அதற்கு மிகவும் ஏற்றது. 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு 5,000க்கும் மேற்பட்ட படிகள். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில் வழிநெடுக விளக்கெரியும், இரவெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும். அதற்குப் பிந்திய மாதங்களில் மழையும் மூடுபனியும் இருட்டுமே மிஞ்சும். தேயிலை மலைகளைத் தாண்டிக் காட்டுக்குள் நுழையும் அந்தப் பாதையில், யாத்திரை முடிந்த காலத்தில், நால்வர் ஏறுவதாக ஒரு கற்பனை ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம்.

முதலாமவரை ஒரு மலைப்பாம்பு சுற்றிக்கொள்கிறது. இரண்டாமவர்மீது ஒரு பேருருச் சிலந்தி வலையை எறிகிறது. இருவரும் நகர முடியாமல் நிற்கிறார்கள். இருவரையும் தாக்குவோருக்குச் சாதகம், இவர்கள் திருப்பித் தாக்கினால் பாதகம். பார்வைக்கு ஒரே நிலை.

2014 விதிநூல் இவர்களைப் பிரிக்கும் இடம் நுட்பமானது. பாம்பு சுற்றியவர் முதலில் 'பிடிபட்டவர்'. அந்தப் பிடி நீடிக்கும்வரை 'கட்டுண்டவரும்' ஆகிறார். பிடிபடுதல் என்ற நிலை தன் முடிவைத் தன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது: பிடித்தவர் செயலிழந்தால் பிடி விடும், பிடித்தவருக்கு எட்டும் தூரத்துக்கு வெளியே தள்ளப்பட்டாலும் விடும். ஆகவே நண்பர் ஒருவர் பாம்பைத் தூங்கவைத்தால் போதும், பிடி விலகும், அதோடு கட்டும் விலகும். வலையில் சிக்கியவர் வெறும் கட்டுண்டவர். சிலந்தியைக் கொன்றாலும் அவர் வலையில்தான் இருப்பார். அவர் தன் பலத்தால் வலையைப் பிய்க்க வேண்டும். அல்லது மற்றவர் வலையையே வெட்ட வேண்டும், எரிக்க வேண்டும்.

பிடிபடுதல் ஓர் உறவு. கட்டுண்ணல் ஒரு சூழ்நிலை. முதலாவதற்கு எப்போதும் மறுமுனையில் ஒருவர் தேவை. 2024 திருத்தம் இந்த வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கியது: பிடிபட்டவர் தன்னைப் பிடித்தவரைத் தவிர வேறு எவரைத் தாக்கினாலும் பாதகம் என்ற விதி சேர்ந்தது. முன்பு வேகத்தை மட்டும் பறித்த நிலை, இப்போது கவனத்தையும் பிடித்தவர் பக்கம் இழுக்கிறது. இது நல்ல திருத்தம். நிலையின் உறவுத்தன்மை அதன் முடிவில் மட்டுமன்றி விளைவிலும் வெளிப்படுகிறது.

4. பயம், நஞ்சு, மூடுபனி

மூன்றாமவர் ஒரு பேயுருவைக் கண்டு பயந்திருக்கிறார். நான்காமவருக்கு நஞ்சு ஏறியிருக்கிறது. இருவருக்கும் தாக்குதல் உருட்டலிலும் திறன் சோதனையிலும் பாதகம். இவ்வளவு நெருக்கமான ஒற்றுமை பட்டியலில் வேறெங்கும் இல்லை எனலாம்.

இப்போது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து படிகளை மறைக்கிறது. பயந்தவரின் பாதகம், பயத்துக்குக் காரணமான உரு அவருடைய பார்வைக் கோட்டில் இருக்கும்வரைதான். பனி அந்த உருவை மறைத்ததும் அவருடைய கை நடுக்கம் நிற்கிறது. ஆனால் நிலை நீங்கிவிடவில்லை: தன் விருப்பத்தோடு அந்த உருவை நோக்கி நெருங்க அவரால் இன்னமும் முடியாது. நஞ்சேறியவருக்கோ பனி எந்த நிவாரணமும் தராது. அவருக்கு இடக் கட்டுப்பாடும் கிடையாது. ஒருவருடைய நிலை வெளியே உள்ள ஒன்றைச் சார்ந்தது, மற்றவருடையது உடம்புக்குள் இருக்கிறது. ஒரே எண் விளைவைத் தரும் இரு நிலைகளுக்கு இரு பெயர்கள் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மூடுபனியே இன்னொரு ஒப்பீட்டுக்கும் வழிசெய்கிறது. அடர்ந்த பனிக்குள் பார்க்க முயல்பவர் பார்வையிழந்தவர் போலவே நடத்தப்படுகிறார் என்கிறது 2014 விதி. பார்வையிழந்தவரின் தாக்குதலுக்குப் பாதகம். அவரைத் தாக்குவோருக்குச் சாதகம். பனிக்குள் இருவர் மோதினால் ஒருவரை ஒருவர் காணாததால் சாதகமும் பாதகமும் ஒன்றையொன்று அழித்து, இருவரும் சாதாரணமாக உருட்டுவார்கள். கும்மிருட்டில் வாள் வீசுவது வெயிலில் வீசுவதற்குச் சமம் என்ற இந்த முடிவு பலருக்கு ஏற்புடையதாக இல்லை. இயல்புக்கு ஒவ்வாதது என்ற குறை நியாயமானதே. ஆனாலும் இரு நிலைகளின் வேறுபாடு இங்கு தெளிவாகத் தெரிகிறது. மந்திரத்தால் கண் கெட்டவர் பனிக்குள் எதிரிக்குச் சமமாகிறார். பனி விலகியதும் எதிரிக்குப் பார்வை திரும்பிவிடும், இவருக்குத் திரும்பாது. பனி ஓர் இடத்தின் தன்மை. குருடு ஓர் ஆளின் தன்மை.

ஏற்றத்தின் களைப்பு இவற்றிலிருந்து வேறு வகை. பிற நிலைகள் இருமுறை விழுந்தாலும் ஒன்றுதான். களைப்பு மட்டும் ஆறு படிகளாகக் குவியும். 2014இல் முதற்படி திறன் சோதனைகளை மட்டுமே கெடுத்தது. படியில் கால் வழுக்கும், வாள் வீச்சு கெடாது. மூன்றாம் படியில்தான் தாக்குதல் கெடும், ஆறாம் படியில் மரணம். 2024 இந்தத் தனித்தனி விளைவுகளைக் கலைத்து, ஒவ்வொரு படிக்கும் 20 முகப் பகடைச் சோதனைகள் யாவற்றிலும் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும் என்று சமன்படுத்தியது. நீண்ட ஓய்வு ஒன்றுக்கு ஒரு படி மட்டுமே இறங்கும் என்பது இரண்டிலும் பொது. களைப்பின் அடையாளமே அந்த மெதுவான இறக்கம்தான். விளைவுகளை அடியோடு மாற்றிய பின்னும் அது களைப்பாகவே உணரப்படுவதற்கு இதுவே காரணம்.

5. திகைப்பும் முடக்கமும்

செயலிழப்பு என்பது ஐந்தாம் பதிப்பில் ஓர் அடித்தள நிலை. திகைப்பு, முடக்கம், மயக்கம், கல்லாதல் நான்கும் அதன்மேல் கட்டப்பட்டவை. 2014இல் வெறும் செயலிழந்தவர் செயல்களையும் எதிர்வினைகளையும் இழந்தார். ஆனால் நடக்கவும் பேசவும் தடையில்லை. திகைத்தவரால் நகர முடியாது, தடுமாறித் தடுமாறியே பேச முடியும். முடங்கியவரால் இரண்டும் முடியாது. வலிமை, சுறுசுறுப்பு சார்ந்த காப்பு உருட்டல்களில் திகைத்தவரும் முடங்கியவரும் தாமாகவே தோற்பார்கள். அருகில் நின்று அடிப்போருக்கு உச்ச அடி கிடைப்பது மட்டும் முடங்கியவரிடத்தில்.

2024 திருத்தத்தில் ஒரு வியப்பான இடமாற்றம் நடந்திருக்கிறது. செயலிழப்பின் வரையறைக்குள் பேச முடியாமை சேர்ந்தது. திகைப்பின் வரையறையிலிருந்து நகர முடியாமை விலகியது. அதாவது பழைய திகைப்பாளர் நின்ற இடத்தில் நின்று திக்கிப் பேசினார். புதிய திகைப்பாளர் வாய்திறவாமல் நடக்கிறார். முடக்கத்திலும் மயக்கத்திலும் வேகம் பூச்சியம் என்ற வரி இருப்பதால், திகைப்பில் அது இல்லாததை எழுத்தின்படி வாசிப்பவர் அனுமதியாகவே கொள்வார். திகைத்தவர் நடமாடுவது பெயரின் இயல்புக்குப் பொருந்தாது என்று கருதும் ஆட்ட நடத்துநர் தடுப்பார். இரு வாசிப்புகளுள் எழுத்தைப் பின்பற்றுவதே இங்கு வலுவானது; முந்தைய பதிப்பில் வெளிப்படையாக இருந்த ஒரு தடை நீக்கப்பட்டிருக்கும்போது, பெயரை மட்டும் நம்பி அதை மீண்டும் நுழைக்க இடமில்லை. விளைவாக, முன்பு நெருங்கிய உறவுகளாக இருந்த திகைப்பும் முடக்கமும் இப்போது நன்றாகவே விலகி நிற்கின்றன. திகைத்தவர் தாக்கும் தூரத்திலிருந்து தள்ளிப் போய்விடலாம். இது ஒருவகையில் தப்பும் வழியே.

6. பழைய பலகைகளில்

நிலையையும் அதன் முடிவையும் பிரித்துக் காணும் சிந்தனை புதிய ஆட்டங்களோடு பிறந்ததன்று. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் பொதுவாக 23 புள்ளிகள் கொண்ட கோட்டுப் படத்தில் மோதுகின்றன. ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில், 'தெமள திவியன் கெளிய', அதாவது தமிழரின் சிறுத்தை ஆட்டம், என்ற பெயரில் இதன் இலங்கை வடிவம் பதிவாகியிருக்கிறது. தாண்டப்பட்ட ஆடு வெட்டுப்பட்டுப் பலகையை விட்டே போகும். அதற்கு மீட்சி இல்லை. அடைபட்ட புலி பலகையிலேயே இருக்கும். ஓர் ஆடு ஒரு புள்ளி நகர்ந்தால் அது மறுபடி பாயும். அந்த அடைப்பு முழுக்க முழுக்க ஆடுகள் நிற்கும் இடத்தைச் சார்ந்தது, மலைப்பாம்பின் பிடியைப் போல. மூன்று புலிகளும் ஒரே நேரத்தில் அடைபட்டால் மட்டுமே அது தோல்வியாகிறது. தாற்காலிக நிலைக்கும் இறுதி நிலைக்கும் இடையிலான கோடு இங்கே ஒரு குழப்பமும் இல்லாமல் வரையப்பட்டிருக்கிறது.

சதுரங்கத்தின் 'ஸ்டேல்மேட்' அவ்வளவு எளிதில் தீரவில்லை. அரசனுக்கு நேரடி அச்சுறுத்தல் இல்லை, ஆனால் நகர்த்த எதுவும் இல்லை. 'செக்மேட்' நிலைக்கு மிக நெருங்கிய தோற்றம். பழைய அரபுச் சதுரங்கத்தில் அப்படி முடங்கியவர் தோற்றார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முடக்கியவரே தோற்றவர் எனக் கொள்ளப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில்தான் சமநிலை என்பது உறுதியானது. பலகையில் காய்கள் நின்ற நிற்பு மூன்று காலத்திலும் ஒன்றே. முடிவு பற்றிய விதி மாறியதும் அந்த நிலையின் பொருளே தலைகீழானது.

7. தம் கடிகாரத்தைத் தாமே சுமக்கும் நிலைகள்

ஐந்தாம் பதிப்பின் பெருங்குறை இங்கேதான் தெரிகிறது. பிடிபடுதல், விழுந்து கிடத்தல், களைப்பு போன்ற சில நிலைகளே தம் முடிவைத் தம்மிடம் வைத்திருக்கின்றன. பயம், நஞ்சு, திகைப்பு எல்லாம் எப்போது முடியும் என்பதை அவற்றை உண்டாக்கிய மந்திரமோ மிருகமோ சொல்ல வேண்டும். நிலையின் பெயரைக் கேட்டவுடன் ஆடுபவருக்கு விளைவு நினைவு வரும், வெளியேறும் வழி நினைவு வராது. ஒத்த நிலைகள் குழம்புவதன் வேர் இதுவே.

'பாத்ஃபைண்டர்' என்ற இன்னொரு பாத்திரமேற்பு ஆட்டத்தின் 2019இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு வேறு வழியில் போனது. அதில் பல நிலைகளோடு ஓர் எண் ஒட்டியிருக்கும். பயம் 2 என்றால் சோதனைகள் யாவற்றிலும் 2 குறையும். குமட்டல் 2 என்றாலும் அதே குறைவு. இரண்டும் ஒரே வகைக் குறைவாதலால் கூடியது மட்டுமே கணக்கில் வரும். ஆனால் பயம் ஒவ்வொரு முறையின் முடிவிலும் தானாக ஒன்று இறங்கும். குமட்டல் தானாக இறங்காது. குமட்டி வெளியேற்ற ஒரு செயலைச் செலவிட்டு உடலுறுதிச் சோதனையில் வெல்ல வேண்டும், அதுவரை எதையும் விரும்பி உட்கொள்ளவும் முடியாது, மருந்தாக இருந்தாலும். எனவே பயந்தவர் பொறுத்திருந்தால் போதும். குமட்டல் கொண்டவர் முயன்றாக வேண்டும்.

மந்தமும் திகைப்பும் இதேபோன்ற இணை. இந்த ஆட்டத்தில் ஒரு முறைக்கு மூன்று செயல்கள். மந்தம் 1 உள்ளவர் அந்நிலை நீடிக்கும்வரை ஒவ்வொரு முறையும் ஒரு செயலை இழப்பார். திகைப்பின் எண்ணோ ஒரு கடன். இழந்த செயல்களால் அது அடைபட்டுத் தீர்ந்துவிடும். திகைப்பு 4 உள்ளவர் ஒரு முறையில் மூன்றையும் அடுத்ததில் ஒன்றையும் இழந்து விடுபடுகிறார். இரண்டும் சேர்ந்து வந்தால் திகைப்பில் இழந்தவை மந்தத்தின் கணக்கிலும் வரவு வைக்கப்படும். ஒரே இழப்புக்கு இருமுறை தண்டனை இல்லை. நெருங்கிய நிலைகள் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்பதை இவ்வளவு கவனமாக எழுதிவைத்தது பாராட்டத் தக்கது. இதன் விலை நினைவுச் சுமை. நான்கு பேர், ஐந்து மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் இறங்கும் எண்கள் என்று வரும்போது மேசையில் கணக்கெழுத ஒருவர் தனியாக வேண்டியிருக்கும். புதியவர்களோடு ஆடுபவருக்கு ஐந்தாம் பதிப்பின் எளிமை இன்னும் உதவுகிறது.

8. ஒரே பெயர், இரு மயக்கங்கள்

மயக்கத்தில் ஐந்தாம் பதிப்பின் அந்தப் பெருங்குறை உச்சத்துக்குப் போகிறது. 2014 விதியில் உறக்க மந்திரத்தால் வீழ்ந்தவரும் உயிர்ப்புள்ளி பூச்சியமாகி வீழ்ந்தவரும் அதே மயங்கிய நிலையில்தான் இருக்கிறார்கள். இருவரும் கையிலிருந்ததை நழுவவிட்டு விழுந்து கிடக்கிறார்கள். இருவருக்கும் அருகிலிருந்து விழும் அடி உச்ச அடி. உறங்குபவரை அடித்தால் விழித்துக்கொள்வார். தோழர் உலுக்கினாலும் எழுவார். பூச்சியத்தில் கிடப்பவரை அடித்தால் மரணத்துக்கு எதிரான உருட்டல்களில் தோல்வி பதிவாகும், உச்ச அடியானால் இரண்டு தோல்விகள். மூன்று தோல்வியில் அவர் இறப்பார், மூன்று வெற்றியில் நிலைபெறுவார். நிலைபெற்ற பின்னும் மயக்கம் அதே மயக்கம்தான், ஆனால் உருட்டல் நின்றுவிடும். 1 முதல் 4 மணிநேரத்தில் ஒரு புள்ளி திரும்பும். ஒரே அடி ஒருவரை எழுப்புகிறது, மற்றவரைக் கொல்கிறது. பெயர் ஒன்றாக இருந்தும் இவை மூன்று நிலைகள்.

பாத்ஃபைண்டர் இதையே பிரித்து எழுதியது. மயக்கம் தனி, 'சாகும் நிலை' தனி. சாகும் நிலையின் எண் 4ஐத் தொட்டால் மரணம். ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் மீட்சிச் சோதனை. அதிலிருந்து மீண்டவர் 'காயப்பட்ட நிலை'யைப் பெறுகிறார். அடுத்த முறை வீழும்போது அந்த எண் சாகும் எண்ணோடு கூடும். 'அழிவு நெருங்கிய நிலை' மரண எல்லையையே 4லிருந்து கீழே இறக்கும். மூன்றும் மரணத்தைப் பற்றியவையே. முதலாவது சிகிச்சையாலோ நல்ல பகடையாலோ நீங்கும். இரண்டாவது காயத்துக்கு மருந்திட்டால் நீங்கும், முழு உடல்நலம் பெற்றுப் பத்து நிமிடம் ஓய்ந்தாலும் நீங்கும். மூன்றாவது ஒரு முழு இரவின் ஓய்வுக்கு ஒன்று வீதம் மட்டுமே குறையும்.